மணியின் நகமும் அம்மாவின் எக்ஸ்ரேயும்

கும்பகோணம் எப்படி மாறிவிட்டது என்று இந்தத் தடவை எழுதப் போவதில்லை. எங்கள் நாய் மணியின் கால் நகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாய்க்கு முன்னங்காலில், தரையைத் தொடாமல் மேலே தள்ளி ஒரு நகம் இருக்குமே, அது நடந்து தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள் இறங்கிவிடும். மணிக்கு அப்படித்தான் இறங்கிச் சீழ் வைத்துவிட்டது. ராத்திரியெல்லாம் நக்கிக்கொண்டே கிடந்தது.

தெருமுனை மெடிக்கலில் போய்ச் சொன்னால், கடைப் பையன் "நாய் என்ன வெயிட் இருக்கும் சார்?" என்று கேட்டுவிட்டு, மனுஷர்கள் போடும் வலி மாத்திரை இப்யூபுரூஃபனை அரை அட்டை கத்தரித்து நீட்டுகிறான்! நாய்க்கு அது வயிற்றில் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும் என்றேன். "எல்லாரும் வாங்கிட்டுத்தான் சார் போறாங்க." நான் இருக்கும் மெல்போர்னில் டாக்டர் சீட்டில்லாமல் நாய்க்கு ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்க முடியாதென்று நான் புலம்பாத நாளில்லை. இனிமேல் புலம்ப மாட்டேன்.

அப்புறம் அரசு கால்நடை மருந்தகம். ஆடுகளுக்கும் ஒரு சினை மாட்டுக்கும் பின்னால் நின்றோம். டாக்டரம்மா நகத்தை வெட்டி, சீழை எடுத்து, ஊசி போட்டு அனுப்பிவிட்டார். விஷயம் கம்பவுண்டரிடம்தான். "பெட்டாடைனை அப்படியே ஊத்தாதீங்க சார். வெதுவெதுப்பான தண்ணில, பால் விடாத லைட் டீ நிறம் வந்தா போதும்." அதில் ஐந்து நிமிடம் காலை ஊறவைத்து, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். காலையும் மாலையும். அம்மா மஞ்சள் பற்றுப் போடலாமா என்றதற்கு, "நக்கித் தின்னுடும்மா" என்று முடித்துவிட்டார். வீக்கம் வடியாவிட்டால் மறுபடி கூட்டிவரச் சொன்னார். எலும்பு வரைக்கும் போயிருக்கலாமாம்.

நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் புனல்? மெல்போர்னில் சைஸ் சைஸாகத் தொங்கும். இங்கே நான் தேடிய கடைகளில் ஒன்றுகூட இல்லை. "வீட்ல பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்குமே சார்?" என்றார் கம்பவுண்டர். இல்லாத வீடு ஏது! அம்மாவின் மூட்டு எக்ஸ்ரேயைப் புனலாகச் சுருட்டி, ஓரம் கீறாமல் பிளாஸ்திரி ஒட்டி, கழுத்துப்பட்டையில் கோத்துக் கட்டினோம். மணி டியூப்லைட்டுக்குக் கீழே வந்து நின்றால், காதுக்குப் பக்கத்தில் அம்மாவின் முழங்கால் சில்லு தெரியும்.

புண் ஆறிவிட்டது. அம்மாதான் போனில் திட்டுகிறாள். மூட்டு டாக்டர் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம்.