மாவட்டத்துக்கு 500 ரூபாய்: ஒரு டிராப்டவுனில் நான் ஏமாந்த கதை

வெப்சைட்டுக்கு ஆர்டர் ஃபார்ம் செய்யக் கொடுத்திருப்பவர்கள், முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வீட்டிலேயே கருப்பட்டி மிட்டாய் செய்து விற்கிறோம். தெரிந்தவர் சொன்னாரென்று ஒரு வெப் டிசைன்காரரைப் பிடித்தோம், 18,000 ரூபாய் பேசினார். மாவட்டம், பொருள், எடை எல்லாம் கூகுள் ஷீட்டில் இருக்கும், அதில் ஒரு வரி சேர்த்தால் ஃபார்மின் டிராப்டவுனில், அதாவது தட்டினால் விரிகிற பட்டியலில், தானாக வந்துவிடும் என்றார். அந்த ஒரு வசதிக்காகத்தான் அவ்வளவு தொகைக்கே சம்மதித்தேன்.

முதல் வாரமே தென்காசியிலிருந்து ஒரு அக்கா போன். "தம்பி, எங்க மாவட்டத்தையே காணோமே?" எண்ணிப் பார்த்தால் 32தான் இருக்கிறது. தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் 2019இலேயே பிரிந்து, 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆகிவிட்டது, இவர் எங்கிருந்தோ பழைய பட்டியலைச் சுட்டு ஒட்டியிருக்கிறார். சரி, ஷீட்டில்தானே என்று ஆறையும் நானே சேர்த்தேன். ஃபார்ம் அசையவில்லை. கேட்டால் "கேஷ் பிரச்சினை சார்" என்றார். (பழைய பக்கத்தையே பிரவுசர் சேமித்துவைத்துக் காட்டுகிற cache என்று நினைத்தேன், பணம் என்கிற cash என்று அப்புறம்தான் புரிந்தது.) நாலு நாள் கழித்து, மாவட்டத்துக்கு 500 வீதம் 3,000 ஆகும் என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கோயம்புத்தூரில் வழக்கமாக வாங்குபவருக்கு அனுப்பிய பார்சலின் சீட்டில் மாவட்டம் சென்னை என்று அச்சாகியிருந்தது. என் அக்கா மகன் ஃபார்மின் புரோகிராம் கோடைத் (code) திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். ஷீட்டுக்கும் ஃபார்முக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, 38 பெயரும் கையால் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பாக 1, 2, 3 என்று வரிசை எண்தான் போட்டிருக்கிறார், ஆர்டரில் சேமிப்பாவதும் அந்த எண்தான். ஆங்கில அகரவரிசையில் அரியலூர் 1, சென்னை 2, கோயம்புத்தூர் 3 என்று இருந்த இடத்தில் நடுவே செங்கல்பட்டைச் செருகி எண்களை மாற்றிவிட்டதால், பழைய கோயம்புத்தூர்க்காரர்கள் சென்னைக்கும் சென்னைக்காரர்கள் செங்கல்பட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். பின்கோடு சரியாக இருந்ததால் மற்ற பார்சல்கள் தப்பின.

அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மாவட்டத்துக்கு ஒரு மாறாத குறியீடு கொடுத்து ஜேசான் (JSON) என்கிற தனித் தரவுக் கோப்பில் வைத்து, பக்கம் திறக்கும்போது அதிலிருந்து பட்டியலை எடுக்கிற மாதிரி மாற்றினான். பழைய ஆர்டர்களைப் பின்கோடு பார்த்துத் திருத்தத்தான் இரண்டு நாள் பிடித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடைசித் தவணைக்கு முன், அந்த ஆளை எதிரில் வைத்துக்கொண்டு ஷீட்டில் 'சோதனைப்பட்டி' என்று ஒரு வரி போட்டு ஃபார்மை ரீலோட் செய்யுங்கள். வராவிட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பக்கத்தின் கோடைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், சர்வரிலிருந்து வந்தாலும் பெயர்கள் அங்கே அப்படியேதான் தெரியும், அதை நம்பாதீர்கள்.

3,000ஐத் திருப்பிக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு நீல டிக் விழுந்து இன்றோடு பத்து நாள்.