ஒரே டூட்டியா, எதிர் டூட்டியா: கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பதிக்கு எது தாங்கும்?

கிளினிக்ஸ் வருடம், அதாவது மருத்துவமனையில் பிரிவு பிரிவாக வேலை பழகும் வருடம், தொடங்கியபோது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ஒரே வகுப்பு, ஒரே வீடு, வீட்டில் மாத்திரை சாப்பிடும் ஒரு கிழட்டு நாய். எந்தப் பிரிவில் எப்போது போஸ்டிங் வேண்டும் என்று கேட்கும் விருப்பப் படிவம் கைக்கு வந்ததும், "ரெண்டு பேரையும் ஒரே பேட்ச்ல போடச் சொல்லலாமா?" என்று அவள் கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது.

இப்போது இரண்டே போஸ்டிங் பாக்கி. இதற்குள் மூன்று ஏற்பாட்டிலும் இருந்து பார்த்துவிட்டோம். இருவரும் ஒரே போஸ்டிங். ஒருவருக்குப் பகல், மற்றவருக்கு இரவு. ஒருவருக்குக் கனமான போஸ்டிங், மற்றவருக்கு லேசானது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதலாவதைத்தான் சிபாரிசு செய்வார்கள். நான் மூன்றாவதன் பக்கம்.

முதலாவதில் சுகம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கோலிக் என்னும் கடும் வயிற்றுவலி வந்த குதிரை ஒன்றுக்கு இரவு முழுக்க இருவரும் காவல் இருந்தோம். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்க வேண்டிய இதயம் 64-இல் நின்றது. மணிக்கு ஒருமுறை நான் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் நான்கு இடத்திலும் வைத்துக் கேட்பேன், அவள் கேஸ் ஷீட்டில் குறிப்பாள். வலப்பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால் மேலே வைத்தால், குடல் ஒழுங்காக ஓடும் குதிரையில் அவ்வப்போது தண்ணீரைக் கொட்டியது போல ஒரு சத்தம் வரும். நள்ளிரவிலிருந்து அங்கே மௌனம். மூன்றரை மணிக்கு அவள் காதில் மாட்டியிருந்தபோதுதான் அது வந்தது. ஒன்றும் சொல்லாமல் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி என் காதில் மாட்டிவிட்டாள். இந்த மாதிரி ஒரு நிமிடத்தை வீட்டுக்கு வந்து விவரித்துப் புரியவைக்க முடியாது.

சரி, அந்த நிமிடத்துக்கு வீடு கொடுத்த விலை என்ன? பலகையில் எழுதியிருக்கும் டூட்டி நேரம் பேருக்குத்தான். எப்போது கிளம்பலாம் என்பதை முடிவு செய்வது படுத்திருக்கும் மாடு. இருவரும் ஒரே மாட்டுக்குக் காத்திருந்தால் நாய்க்கு மாத்திரை கொடுக்க ஆளில்லை. பதினான்கு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் அது எங்களைப் பார்க்கவே வெட்கப்பட்டு மூலையில் நின்றது. தரையைத் துடைக்க இருவருக்கும் தெம்பில்லை. யார் துடைப்பது என்று அன்று போட்ட சண்டைதான் கல்யாணத்துக்குப் பின் எங்களின் முதல் பெரிய சண்டை.

திரும்பி வரும் பயணம் இன்னும் மோசம். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடுகிறது என்று 1997-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நாங்கள் 20 மணி நேரம் விழித்துவிட்டு, "நீ ஓட்டு", "இல்ல, நீ ஓட்டு" என்று வண்டிச் சாவியை மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தோம். ஒருவராவது தூங்கி எழுந்தவராக இருந்தால், வந்து கூட்டிப் போகச் சொல்லலாம்.

அப்புறம் கன்றுகள். பிறந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கழியும் கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் மாணவர்களுக்கு கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி தொற்றுவது எங்கள் துறையில் பழங்கதை. கையில் தடவும் ஆல்கஹால் ஜெல்லுக்கு அது சாகாது, சாதாரணமாகக் கலக்கும் பிளீச்சுக்கும் அசராது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவித் தள்ள வேண்டியதுதான். ஒரே கொட்டகையில் வேலை பார்த்த எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். இதற்கு மேல் விவரிக்கவில்லை.

இந்த அனுபவத்தில் சூடுபட்டுத்தான் பகல்-இரவு ஏற்பாட்டுக்குத் தாவினோம். அவளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு, எனக்கு ஓபிடியில் பகல். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருப்பார், நாய்க்கு வேளை தவறாது, யாரும் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்ட வேண்டாம்.

எல்லாம் நடந்தது. நாங்கள்தான் காணாமல் போனோம். வாசலில் ஒருவர் செருப்பை மாட்ட, மற்றவர் கழற்றுவார்; அந்தப் பத்து நிமிடம்தான் குடும்பம். மீதியெல்லாம் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாளில். "மாத்திரை குடுத்தாச்சு. காலைல வெளிய போனான். நீ தூங்குனியா?" என்று அவள் எழுதியிருப்பாள். அதற்கு நான் "ம்" என்று எழுதுவதைப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து அவள் பார்ப்பாள்.

அந்தப் போஸ்டிங்கில் சிறுநீர் அடைத்த ஆண் பூனை ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. இரண்டு முறை குழாய் போட்டு அடைப்பை எடுத்தும் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. கடைசியில் உரிமையாளர் கருணைக்கொலைக்குக் கையெழுத்துப் போட்டார். ஊசி போடும்போது பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள். இது எனக்குத் தெரிய வந்தது இரண்டு நாள் கழித்து, கேன்டீனில், வகுப்புத் தோழன் ஒருவன் வாயால். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தேன். அந்தத் தேதியில், "பால் வாங்கணும்" என்று மட்டும் எழுதியிருந்தாள். என் கணக்கில் இந்த ஏற்பாடு அன்றே தோற்றுவிட்டது. முதலாவதில் சண்டையாவது போட்டோம்.

மூன்றாவது ஏற்பாட்டில் கடிகாரத்தைப் பிரிப்பதில்லை, சுமையைப் பிரிக்கிறோம். ஒருவர் பெரிய கால்நடை, அவசர சிகிச்சை, அறுவை சிகிச்சை என்று கிடக்கும்போது மற்றவர் எக்ஸ்ரே, ஆய்வகம், தோல், கண் போன்ற ஒன்றில் இருப்பார். இருவரும் இரவில் வீட்டுக்கு வருவார்கள், ஒருவருக்கு மட்டும் தெம்பு மிச்சமிருக்கும். தரையைத் துடைக்கவும், பூனைக் கதையைக் கேட்கவும், அதிகாலையில் வண்டியோடு போய் வாசலில் நிற்கவும் அந்தத் தெம்பு போதும்.

இதில் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. மயக்க மருந்துப் பிரிவை லேசானது என்று எண்ணி என் கணக்கில் போட்டுக்கொண்டேன். அங்கே அறுவை சிகிச்சைக் குழு வருவதற்கு முன்பே போய் மெஷினில் கசிவு பார்க்க வேண்டும். குழு கையுறையைக் கழற்றிவிட்டுப் போன பிறகும் நாய் விழுங்கத் தொடங்கும்வரை மூச்சுக்குழாயில் செருகிய டியூபை உருவ முடியாது. மூக்கு சப்பையான நாயாக இருந்தால் இன்னும் பொறுமையாக உட்கார வேண்டும். முதலில் வந்து கடைசியில் போவது நான்தான்.

லேசான போஸ்டிங்கில் இருப்பவர் வீட்டு வேலையாளாக மாறிவிடும் ஆபத்தும் உண்டு. "உனக்கென்ன, எக்ஸ்ரேதானே" என்று ஒருநாள் அவள் சொல்ல, அடுத்த போஸ்டிங்கில் நான் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். கனம் மாறி மாறி வருவதால் கணக்கு நேராகிவிடும் என்பது உண்மை. ஆனால் அது நேராக ஆறு வாரம் ஆகும், வாய் அதுவரை பொறுப்பதில்லை.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகளுக்கு இந்த மூன்றாவதை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாட்டைச் சினைப்பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து தோல் வழியாகவே உடலுக்குள் போகும். கர்ப்பிணிக்கு அது கருவையே கலைத்துவிடக் கூடும். எக்ஸ்ரே, மயக்க வாயு, பூனையின் மலம் என்று ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை உண்டு. போஸ்டிங் வரிசையை முன்கூட்டியே மாற்றிப் போடப் பழகியவர்களுக்கு அந்தச் சமயத்தில் பதற்றம் குறையும்.

கடைசி இரண்டில் ஒன்று முடிவாகிவிட்டது. அவளுக்கு அவசர சிகிச்சை, எனக்கு ஆய்வகம். மற்றது குதிரை. சினைக் குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும், அதுவும் பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. குட்டி 1 மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், 2 மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வாள் அவள். இதுவரை ஒரு பிரசவத்தைக்கூடப் பார்த்ததில்லை. மூன்று இரவு காவல் இருந்து, மூன்று முறையும் முகம் கழுவப் போன நேரத்தில் தவறவிட்டாள்.

நேற்று படிவத்தை நிரப்பியவள் அவள்தான். குதிரைக்கு நேராக இருவர் பெயரையும் ஒரே பேட்சில் எழுதியிருந்தாள். மேலே எழுதியதையெல்லாம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "நான் முகம் கழுவப் போனா நீ பாத்துக்குவல்ல" என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாயின் மாத்திரை வேளைகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வீட்டு ஜூனியரிடம் கொடுத்தாயிற்று.