விழுந்து வளைந்த பிரேக் லீவர்: பிளேடு மட்டுமா, முழு லீவரா, கேபிளா?

கடலூர் கேப்பர் மலைச் செம்மண் சரிவில் சறுக்கினாலும், ஆரோவில் பக்கத்துப் பாதையில் வேரில் தட்டினாலும், மவுண்டன் பைக்கில் அடி வாங்குவது பெரும்பாலும் பிரேக் லீவர்தான். ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) லீவர் போய்விட்டால் மூன்று வழிகள் உண்டு: விரல் பிடிக்கும் பிளேடை மட்டும் மாற்றலாம், பிஸ்டனோடு சேர்த்து முழு லீவரையே மாற்றலாம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வயர் இழுக்கும் கேபிள் டிஸ்க் பிரேக்குக்குப் போகலாம். என் ஓட்டு முழு லீவருக்கு.

வளைந்ததை நிமிர்த்த வேண்டாம். குறடு போட்டு நிமிர்த்திய அலுமினியத்தில் மயிரிழை விரிசல் விழும்; அவசரத்துக்கு இறுக்கிப் பிடிக்கும்போதுதான் அது முறியும். நுனி மட்டும் ஒடிந்து, இரண்டு விரல் வைக்க இடமிருந்தால் அரத்தால் முனையை மழுக்கிவிட்டு ஓட்டலாம்.

பிளேடு மட்டும் மாற்றுவது மலிவு. பிளேடைப் பிடித்திருக்கும் பின்னை (சிறு ஊசியை) தட்டிக் கழற்றிப் புதிய பிளேடை மாட்ட வேண்டியதுதான், ஆயிலைத் தொடவே வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கே உரிய பிளேடு வேண்டும்; விலை குறைந்த மாடல்களுக்கு அது கிடைப்பது அரிது. அடி பிளேடோடு நின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். லீவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல உள்ளே இறங்கினாலோ, பிஸ்டன் வாயில் ஆயில் கசிந்திருந்தாலோ, அந்த ஊசி நுழையும் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்ப் அருகே கீறல் தெரிந்தாலோ பிளேடு மாற்றுவது வீண் செலவு.

கேபிளுக்கு மாறச் சொல்பவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது: வயர் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும், யாரும் மாட்டிவிடுவார்கள். நம் ஊரில் அதைக் கெடுப்பது உப்புக்காற்று. கேபிள் உறையின் இரு முனைகளும் திறந்தவை. தேவனாம்பட்டினம் கடற்கரைக் காற்றும் ஐப்பசி மழையும் அதற்குள் இறங்கி, உறையின் எஃகுச் சுருளைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டெயின்லெஸ் வயர் போட்டாலும் உறை பிடித்துக்கொள்ளும். லீவர் கனக்கும், விட்டால் திரும்பி வராது. மழைக்காலம் முடிந்தால் வயரும் உறையும் சேர்த்து மாற்ற வேண்டியதாகிவிடும். ஹைட்ராலிக் மூடிய அமைப்பு. ஆயில் ஓடும் ஹோஸுக்குள் உப்பு போகாது. ஷிமானோ, டெக்ட்ரோ போன்றவற்றின் மினரல் ஆயில் ஈரத்தையும் உறிஞ்சாது. ஸ்ராமில் பெரும்பாலான மாடல்களுக்கு உரிய டாட் 5.1 வகை ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் கடலோரத்தில் வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது.

முழு லீவர் மாற்றும்போது கெடுவது பெரும்பாலும் ஹோஸ் முனையில்தான். 8 மி.மீ. ஸ்பேனரால் நட்டைக் கழற்றி, ஹோஸை நேராக வெட்டி, புது ஆலிவும் (ஹோஸ் மேல் நசுங்கி அடைக்கும் வளையம்) இன்சர்ட்டும் (ஹோஸுக்குள் செருகும் சிறு குழல்) போடுங்கள். நசுங்கிய பழைய ஆலிவ் கசியும். ஷிமானோவில் பிஎச்59, பிஎச்90 ஹோஸ்களுக்கு இன்சர்ட் வேறு வேறு. வெட்டிய பிறகு ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், ஹோஸ் இழுபடக் கூடாது. பிறகு பேடுகளைக் கழற்றி, அவற்றின் இடத்தில் பிளீட் பிளாக் என்ற கட்டையை வைத்து, கேலிப்பரிலிருந்து (சக்கரத்தருகே டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) மேல்நோக்கி ஆயிலைத் தள்ளிக் குமிழி நிற்கும்வரை பிளீட் செய்யுங்கள், அதாவது உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு பிரேக்குக்கு 50 மி.லி. தாராளம். மோட்டார் பைக் ஸ்பேர் கடையில் கிடைக்கும் டாட் 4 ஆயிலை மினரல் பிரேக்கில் ஊற்றவே கூடாது. ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டு, லீவரும் கேலிப்பரும் சேர்ந்து போய்விடும். நான்கு பிஸ்டன் கேலிப்பர் எனக்கு அதிகம் பழக்கமில்லை. அதில் குமிழி ஒளிந்துகொள்ள இடம் கூடுதல் என்பதால் பொறுமை அதிகம் வேண்டும்.

ஆயில் நிரப்பிய ரெடிமேட் செட் வாங்கினால் இந்த வேலை மிச்சம். நம் நாட்டில் வலது லீவர்தான் முன் பிரேக். வெளிநாட்டு செட்டுகள் பலவற்றில் வலது லீவர் பின் பிரேக்குக்கு என்பதால் நீள ஹோஸ் அதில் இருக்கும். எந்த லீவரில் எவ்வளவு நீள ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

புது லீவரின் கிளாம்பை வெறிகொண்டு முறுக்க வேண்டாம். பிரேக் பிடிக்கையில் நகராமலும், கையால் பலமாகத் தட்டினால் பாரில் சுழலும்படியும் இருந்தால் சரி. அடுத்த முறை விழும்போது லீவர் திரும்பிக்கொள்ளும், முறியாது.