அலுமினியம் ஸ்கிட் பிளேட் போடுறவங்களுக்கு: பெயிண்ட் அடிக்க வேண்டியது பிளேட்டுக்கு இல்ல

தேனில இருக்கிற கூட்டாளி புதுசா இசுசு வி-கிராஸ் பிக்கப் எடுத்திருக்கான், "மாப்ள, உன் வண்டிக்கு அடியில கல்லு படாம இருக்க போட்டிருக்கியே அலுமினியம் ஸ்கிட் பிளேட்டு, அதையே நானும் ஆர்டர் போடவா"ன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருந்தான். அவன் கேட்ட நேரம் அப்படி, அந்த பிளேட்டோட போல்ட்டு ஒண்ணு ஆயில் சர்வீஸ்ல முறிஞ்சு, சேஸிஸ்ல இருந்து மிச்சத்த எடுக்க வெல்டிங் பட்டறை வரைக்கும் போயிட்டு வந்து உக்காந்திருக்கேன். வாய்ஸ்ல சொன்னா கோவம்தான் வரும், அதான் எழுதிடுறேன், மத்தவங்களுக்கும் உதவும்.

என் வண்டி தூத்துக்குடி வண்டி. வேலை நாள்ல உப்பளத்து பாதை, லீவு கெடச்சா தேரிக்காடு, வருசத்துல எப்பவாச்சும் மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ரோடு. அதாவது அடியில உப்புச் சேறும் படும், கல்லும் படும். போட்டிருக்கிறது 6 மிமீ தகடு, 5052ங்கிற அலுமினிய ரகம், முன்னாடி, இன்ஜின் சம்ப்பு (ஆயில் நிக்கிற தொட்டி), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (நாலு சக்கரத்துக்கும் பவர பிரிச்சு விடுற பெட்டி)னு நாலு துண்டு. 6061-டி6ங்கிற ரகம்தான் இன்னும் ஸ்ட்ராங், அதுல கேக்கலாம்னு சிலர் சொல்வாங்க, கேக்காதீங்க, அது மடிக்கிற எடத்துல விரிசல் விடும், வளைச்சு செய்யிற பிளேட்டுக்கு 5052தான் சரி.

முதல்ல நல்லத சொல்லிடுறேன், பிளேட்டு பிளேட்டா பாத்தா அருமையான சாமான். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு சதுர மீட்டர் 3 மிமீ இரும்புத் தகடு கிட்டத்தட்ட 23.5 கிலோ, அதே அளவு 6 மிமீ அலுமினியம் 16 கிலோ சொச்சம்தான். வெயிட்டு கம்மி, ஆனா தடிமன் டபுளா இருக்கிறதால வளையாம நிக்கிற பலம் அந்த இரும்பவிட ரெண்டரை மடங்குக்கு மேல. மாஞ்சோலை ஏத்தத்துல முன் சக்கரம் ஒரு குழில எறங்கி, வண்டியோட மொத்த மூக்கும் ஒரு கல்லுமேல உக்காந்துச்சு, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு, சம்ப்பு போச்சுன்னே நெனச்சேன். எறங்கி குனிஞ்சு பாத்தா பிளேட்டுல ஒரு விரல் நீளத்துக்கு கோடு, நகம் மாட்டுற ஆழம், அவ்ளோதான். சம்ப்புக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இருக்கிற கேப்பு அப்படியே இருந்துச்சு. அன்னைக்கு இந்த பிளேட்டு இல்லன்னா மலைமேல ஆயில் ஒழுக விட்டுட்டு நிக்க வேண்டியதுதான். இரும்பு மாதிரி கல்லுமேல வழுக்கிட்டு போகாது, அலுமினியம் கொஞ்சம் கடிச்சுப் புடிக்கும், அது உண்மை, ஆனா நம்ம ஊர் பாதைக்கு அது பெரிய குறையே இல்ல.

குறை எங்கன்னா கறுப்பு பவுடர் கோட்டிங்ல, அதாவது பெயிண்ட் பொடிய தூவி சூட்டுல உருக்கி ஒட்ட வெக்கிற பூச்சுல. ஆர்டர் போடும்போதே கேட்டேன், கோட்டிங் வேணாம், வெறும் தகடா குடுங்க, நான் உப்புக்காத்துல ஓட்டுறவன்னு. கோட்டிங் இல்லாம குடுத்தா வாரண்டி கெடையாது, எல்லாருக்கும் ஒரே ஃபினிஷிங்தான்னுட்டாங்க. போல்ட்டும் அவங்களே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல குடுத்தாங்க, துருவே புடிக்காது சார்னு பெருமையா வேற. முதல் ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சதுமே போல்ட்டு ஓட்டையச் சுத்தி கோட்டிங் அப்பளம் பொரியிற மாதிரி கொப்புளம் விட ஆரம்பிச்சுது, அதுவும் லேசர்ல வெட்டுன விளிம்புலதான் மொத ஆரம்பம், ஏன்னா கூர் விளிம்புல பவுடர் நிக்காது, அங்க படலம் ரொம்ப மெல்லிசு. நகத்தால நெம்புனா பத்தை பத்தையா வருது, உள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளப் பொடி. போன் போட்டுக் கேட்டா, கடல் பக்கம் ஓட்டுனா வாரண்டில வராதாம். அப்புறம் எதுக்கு அந்த கோட்டிங்க கட்டாயப்படுத்தி என் தலைல கட்டுனீங்க?

இந்த தடவ சர்வீஸ்ல நடந்தது அதோட தொடர்ச்சிதான். மெக்கானிக் அண்ணாச்சி ரேம்ப்புக்கு அடியில நின்னு ரெஞ்ச போட்டு திருப்புறாரு, போல்ட்டு அசையவே இல்ல. ஆயில் விட்டு ஊற வெச்சு, லேசா தட்டி, மறுபடி திருப்பினா ஒரு சத்தம், தலை தனியா கையோட வந்துட்டு. அவரு மூஞ்சி தாடியெல்லாம் வெள்ளப் பொடி. முறிஞ்ச போல்ட்டு பளபளன்னு புதுசாத்தான் இருக்கு, அது உக்காந்திருந்த ஓட்டையச் சுத்தி பிளேட்டு சொறி சொறியா அரிச்சிருக்கு. துரு புடிக்காத போல்ட்டு பத்திரமா இருக்க, அரிமானத்த தகடு வாங்கிக்கிட்டு.

காரணம் ரொம்ப எளிசு, விக்கிறவங்களுக்கு இது தெரியாம இருக்கக் கூடாது. ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு இருக்க, அதுமேல உப்புத்தண்ணி நின்னா கரண்ட் ஓடும், இரும்பும் அலுமினியமும்னா அதுல கரையப்போறது அலுமினியம்தான், பக்கத்துல இருக்கிறது ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தாலும் அதே கதிதான். இதுல அலுமினியத்துக்கு மட்டும் கோட்டிங் அடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. வெறும் தகடா இருந்தா அந்த அரிப்பு பரவலா மேலாக்க போகும். கோட்டிங்ல கல்லு பட்டு சின்ன சில்லு பேந்திருந்தா மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளில எறங்கும், உள்ள பூந்த உப்புத்தண்ணியும் காயாது. அதனால பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா இரும்பு பக்கத்துக்கு அடிக்கணும், அதாவது பிளேட்டு வந்து உக்கார்ற பிராக்கெட்டு, சேஸிஸ்ல குறுக்க போற கிராஸ் மெம்பர், அங்க. இத எத்தன பேருகிட்ட சொன்னாலும் "கறுப்பா இருந்தாத்தான சார் லுக்கு"ங்கிறாங்க. வண்டிக்கு அடியில யாருக்குய்யா லுக்கு?

முன் ரெண்டு பிளேட்டையும் கழட்டி நானே ஃபினிஷிங் பண்ணிட்டேன். பெயிண்ட் ரிமூவர் தடவி கோட்டிங் மொத்தமும் உரிச்சேன். விளிம்பையெல்லாம் கிரைண்டர்ல மாட்டுற ஃபிளாப் டிஸ்க்கால உருட்டி விட்டேன், புது டிஸ்க்குதான் போடணும், பட்டறைல இரும்பு தேய்ச்ச டிஸ்க்க வாங்கி தேய்ச்சா இரும்புத் தூள் அலுமினியத்துல பதிஞ்சு பின்னாடி அதுவே புள்ளி புள்ளியா துருவடிக்கும். அப்புறம் உப்புத்தாள், கடைசியா சிவப்பு ஸ்காட்ச் பிரைட் நார், முன்னால இருந்து பின்னால ஒரே போக்கா. வட்டமா தேய்ச்சா பாக்க நல்லாருக்காது, ஒரே போக்கா தேய்ச்சா அடுத்து கல்லு உரசுற கோடும் அதோடயே கலந்துரும். நல்ல தண்ணில கழுவி, காய வெச்சு, அவ்ளோதான், மேல ஒண்ணும் அடிக்கல. அலுமினியம் காத்து பட்டதும் தானே ஒரு ஆக்சைடு படலம் போட்டுக்கும்.

பிராக்கெட்டுக்கு எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட்டு, மேல கறுப்பு பெயிண்ட். போல்ட்டு எல்லாம் மாத்தி ஜிங்க் பிளேட்டிங் பண்ணுன 8.8 கிரேடு இரும்பு போல்ட்டு போட்டேன், தலைக்கு அடியில பெரிய வாஷர், அதுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல நைலான் வாஷர், ஓட்டைக்குள்ள நைலான் புஷ். மரைக்கு, போல்ட்டு இறுகி ஒட்டிக்காம இருக்க, காப்பர் கலக்காத ஆன்டி-சீஸ் கிரீஸ், காப்பர் கலந்தது அலுமினியம் பக்கத்துல வரவே கூடாது. ஏர் கன்ன வெச்சு முறுக்காதீங்க, நைலான் நசுங்கிரும், கையால முறுக்கி கொஞ்ச நாள் ஓட்டிட்டு ஒருக்கா டைட் பாருங்க.

இப்ப வெறும் தகடு சாம்பல் நெறத்துக்கு மங்கிப்போய் கெடக்கு, அங்கங்க வெள்ளத் திட்டு. எனக்கு அத பாக்க அவ்ளோ நிம்மதியா இருக்கு, எங்க அடிபட்டுச்சு, எங்க ஆயில் கசியுதுன்னு குனிஞ்சா பளிச்சுனு தெரியுது, கறுப்புல இதெல்லாம் தெரியவே தெரியாது. உப்பளத்துல இருந்து வந்தா அன்னைக்கே நல்ல தண்ணி அடிச்சிருவேன். வாட்டர் சர்வீஸ்ல காரம் அதிகமான லிக்விட் அடிக்க விடுறதில்ல, அது அலுமினியத்த தின்னுரும்.

ஆயில் எறக்குற ஓட்டைய சரியா நேருக்கு வெக்கல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆயில் பிளேட்டுமேல கொட்டுது. அது போகட்டும்.

கூட்டாளிக்கு என் பதில், வாங்காத. பிளேட்டு அருமைன்னு இவ்ளோ எழுதிட்டு வாங்காதன்னா எப்படின்னு கேப்பான். என் வண்டில இருந்து யாரு சொன்னாலும் நான் இத கழட்டப்போறதில்ல, ஆனா ஒரு சாமான காசு குடுத்து வாங்கி, ஃபினிஷிங்க உரிச்சு எறிஞ்சு, போல்ட்ட குப்பைல போட்டு, முறிஞ்சத எடுக்க பட்டறைக்கும் அழுதா அத நல்லா இருக்கு வாங்குன்னு எப்படி சொல்ல? தேனி, போடி மலைப் பக்கம் உப்பு இல்ல, ஒருவேள உனக்கு கோட்டிங் நிக்கலாம், ஆனாலும் வாங்காத. பட்டறைல நல்ல 4 மிமீ இரும்புல அடிச்சுக்கோ, வெயிட்டு கூடும், கூடட்டும்.

கடல் பக்கம் ஓட்டுறவங்க அலுமினியம்தான் வேணும்னு நின்னா, கோட்டிங் இல்லாம வெறும் தகடா தர்றவங்க கெடைக்கிற வரைக்கும் பொறுங்க. ஏற்கனவே கறுப்பு பிளேட்டு போட்டிருந்தா அடுத்த சர்வீஸ் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே ஒரு போல்ட்ட மட்டும் கழட்டிப் பாருங்க, ஓட்டையச் சுத்தி வெள்ளப் பொடி இருந்தா மிச்சத்தையும் கழட்டிருங்க.