டெம்பெஸ்ட்டும் அது விட்டுப்போகும் ஐபிகளும்

கீழக்கரை நண்பர் ஒருவர், சொந்த சர்வர்களில் கிளவுட் கட்டும் மென்பொருளான ஓபன்ஸ்டாக்கை நிறுவி முடித்த கையோடு கேட்டார்: “அண்ணே, ஏபிஐ எல்லாம் உயிரோட இருக்கான்னு பார்க்க நீங்க எதை வச்சிருக்கீங்க? கர்ல் ஸ்கிரிப்ட் போதாதா?” ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் யுபிஎஸ் பேட்டரி மாற்றிய வாரம் பார்த்துக் கேட்டுவிட்டார். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

கர்ல் போதாது. ஏபிஐ என்பது ஓபன்ஸ்டாக்கின் ஒவ்வொரு சேவையும் கோரிக்கை வாங்கும் வாசல், கர்ல் அங்கே ஒரு கோரிக்கையை அனுப்பி வரும் பதிலைக் காட்டும் கருவி, அவ்வளவுதான். அடையாளம் சரிபார்க்கும் கீஸ்டோனிடம் டோக்கன் கேட்டால் 201 என்ற வெற்றிக் குறியீடு வரும், விஎம்முக்கான (மெய்நிகர் கணினிக்கான) இமேஜ்களை வைத்திருக்கும் கிளான்ஸிடம் பட்டியல் கேட்டால் 200 வரும். விஎம்களை உருவாக்கும் நோவாவிடம் ஒன்று கேட்டால் வருவது 202. வேலையை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான், முடித்ததாக அர்த்தமில்லை. அப்புறம் எந்த சர்வரில் வைப்பது என்று தேடும் ஷெட்யூலருக்கு இடம் கிடைக்காமல் விஎம் எரர் நிலைக்குப் போனாலும் உங்கள் ஸ்கிரிப்ட் ‘எல்லாம் நலம்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கும்.

ஓபன்ஸ்டாக்கின் சோதனைத் தொகுப்பான டெம்பெஸ்ட் அப்படி விடாது. பைதான் கிளையண்ட் லைப்ரரிகளை நம்பாமல் தன்னுடைய சொந்த கிளையண்ட்டை வைத்தே ஏபிஐயைத் தட்டிப் பார்க்கும். அடிப்படை வேலைகள் நடக்கின்றனவா என்று பார்க்கும், ஸ்மோக் என்று குறிக்கப்பட்ட சோதனைகளை மட்டும் ஓட்டலாம். அதில் நெட்வொர்க் பேசிக் ஆப்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நெட்வொர்க், ரவுட்டர் உருவாக்கி, சோதனைக்கென்றே இருக்கும் சின்ன சிர்ரோஸ் இமேஜில் ஒரு விஎம்மை எழுப்பி, வெளியிலிருந்து அதை அடைய ஒரு முகவரியை (ஃப்ளோட்டிங் ஐபி) மாட்டி, எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே போய்ப் பார்க்கும். ஒருமுறை அது மட்டும் தோற்றது. மற்ற ஏபிஐ எல்லாம் பதில் சொன்னது, நெட்வொர்க்கைக் கவனிக்கும் நியூட்ரானின் ஏஜெண்டுகளும் உயிரோடு இருப்பதாகவே காட்டின. கடைசியில் பார்த்தால், வெளி நெட்வொர்க் போகும் கேபிளின் முனையில் பச்சைக் களிம்பு. கடற்கரையில் உப்புக்காற்று செம்பை விட்டுவைக்காது. ஏஜெண்டுகள் பேசிக்கொள்வது உள்ளே தனியாக இருக்கும் மேனேஜ்மெண்ட் நெட்வொர்க்கில், அதன் கேபிள் நன்றாகவே இருந்தது. எந்த 200-ம் இதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

சரி, கோபம் எதற்கு? ஓட்டத்தின் நடுவில் செத்தால் டெம்பெஸ்ட் தன் குப்பையை அள்ளாது. ஒவ்வொரு சோதனையும் முடிவில் தானே துடைத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டதுதான். ஆனால் கரண்ட் போய், பேட்டரியும் கைவிட்டால் அந்த முடிவு வராது. ஐப்பசி, கார்த்திகைக் காற்றுக்காலத்தில் இங்கே இது அடிக்கடி. மின்சாரம் திரும்பியதும் பார்த்தால் டெம்பெஸ்ட் என்று தொடங்கும் பெயர்களில் விஎம், ரவுட்டர், ப்ராஜெக்ட் எல்லாம் அப்படியே நிற்கும். எங்களிடம் இருக்கும் வெளி ஐபிகள் கொஞ்சம். அனாதையாக நிற்கும் ரவுட்டர் ஓர் ஐபியைப் பிடித்து வைத்திருக்கும், ஃப்ளோட்டிங் ஐபியாக இன்னொன்று போயிருக்கும். அடுத்த ஓட்டம் ஐபி இல்லை என்று தோற்கும். கிளவுட் நன்றாக இருக்கிறது. சோதனையின் மிச்சமே சோதனையைத் தோற்கடிக்கிறது. அதிகாலையில் இந்த எச்சரிக்கையோடு எழுப்பப்படுகிறவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

துடைக்க டெம்பெஸ்ட் கிளீனப் என்ற கட்டளை இருக்கிறதே என்பீர்கள். முதலில் சேமித்துவைத்த நிலையில் இல்லாததை எல்லாம் அது அழிக்கும், அதற்கப்புறம் நம் ஆட்கள் உருவாக்கிய விஎம்மையும் சேர்த்து. ஓடிக்கொண்டிருக்கும் கிளவுடில் அதை எப்படி விடுவது? பெயரின் முன்னொட்டைப் பார்த்து அழிக்கும் வசதி பிறகு வந்தது, நல்ல விஷயம். ஆனால் ஃப்ளோட்டிங் ஐபிக்குப் பெயரே கிடையாது. எனக்குப் பற்றாக்குறையாக இருக்கும் ஒரே பொருளை அந்த வசதி தொடுவதில்லை.

நியாயமாகச் சொன்னால், டெம்பெஸ்ட் வளர்ந்தது ஓபன்ஸ்டாக்கின் சொந்த கேட் சோதனைகளில், அதாவது புது நிரல் மாற்றத்தைச் சேர்க்கும் முன் ஓட்டும் சோதனைகளில். அங்கே ஒவ்வொரு முறையும் புது விஎம்மில் கிளவுடைக் கட்டி, முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மிச்சம் யாருக்கும் உறுத்தாது. மண்டபத்தில் மூன்று சர்வர் வைத்திருப்பவனை நினைத்து யாரும் அதை எழுதவில்லை.

ராலி என்ற இன்னொரு கருவியையும் பார்த்தேன், அது சுமை கொடுத்துப் பார்க்க நல்லது, தினசரி நலம் விசாரிக்க அதிகம். கேபி என்ற கருவி, யாமல் என்ற எளிய எழுத்துக் கோப்பில் கோரிக்கையையும் எதிர்பார்க்கும் பதிலையும் எழுதிவைத்துச் சரிபார்ப்பது. சொந்தமாக ஏபிஐ எழுதுகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

தம்பி, இவ்வளவு புகழ்ந்துவிட்டுச் சொல்கிறேன்: தினசரி வேலைக்கு டெம்பெஸ்ட் வேண்டாம். ஓபன்ஸ்டாக் கமாண்ட் லைனை வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். விஎம் உருவாக்கும்போது வெயிட் ஆப்ஷன் கொடுங்கள், 202-ஐ வாங்கிக்கொண்டு ஓடிவிடாமல் ஆக்டிவ் ஆகும்வரை நிற்கும். ஃப்ளோட்டிங் ஐபி எடுக்கும்போது டிஸ்கிரிப்ஷனில் ஓர் அடையாளம் எழுதுங்கள், பெயர் இல்லாத குறை தீரும். எஸ்எஸ்ஹெச் போய்ப் பாருங்கள், அதை மட்டும் விடவே விடாதீர்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை, அந்த அடையாளத்தோடு முந்தைய ஓட்டம் விட்டுப்போனது ஏதாவது கிடக்கிறதா என்று தேடி அழிப்பதாக இருக்கட்டும். முடிவில் துடைப்பதை நம்பவே வேண்டாம்.

அப்கிரேடுக்கு முன்னும் பின்னும் மட்டும் டெம்பெஸ்ட் ஸ்மோக்கை ஓட்டுங்கள். நானும் அதை விடப்போவதில்லை. காற்று இல்லாத நாளாகப் பார்த்து, பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.