பழைய தேவாலயத்துக்குள் புது வசதி: உள்ளேயா, வெளியேயா, தரைக்கு அடியிலா?

லிஃப்ட், கழிப்பறை, கூட்ட அறை, குளிர்காலத்துக்குக் கணகணப்பு என்று இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களுக்கும் இன்று எல்லாமே தேவைப்படுகின்றன. ஆனால் அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழும்பியவை. மெல்ல அசைந்து, அமர்ந்து, தமக்கென ஒரு சமநிலைக்கு வந்துவிட்டவை. அவற்றில் துளை போட்டு இரும்பு உத்தரத்தைச் செருகினால், அதுவரை ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த பாரம் ஒரே இடத்தில் குவிந்து கல் விரிசல் விடலாம். அதனால் புதிதாக வரும் பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்கப்போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

லண்டனின் போ (Bow) பகுதியில் இருக்கும் செயின்ட் பால்ஸ் ஓல்டு ஃபோர்டு தேவாலயம், 1878-இல் கட்டப்பட்டது. பாதுகாப்பில்லை என்று 1991-இல் மூடிவிட்டார்கள். 2004-இல் திறந்தபோது அதன் நடுக்கூடத்தில் மரப்பலகை போர்த்திய ஒரு பெரிய பெட்டி இரும்புக் கால்களில் நின்றது. கீழே வழிபாடு வழக்கம்போல நடக்கிறது, மேலே உடற்பயிற்சிக்கூடம்வரை இருக்கிறது. புதிய தளங்களின் பாரத்தைக் கால்களே தரைக்குக் கொண்டுபோகின்றன. நாளைக்கு வேண்டாமென்றால் பெட்டியைக் கழற்றிவிடலாம். என் ஓட்டு இந்த முறைக்குத்தான். ஆனால் கூடம் நல்ல உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள கிராமத்துத் தேவாலயத்தில் இது மூச்சுமுட்டும்.

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் புது வசதியை வெளியே கட்டினார்கள். தரையிலிருந்து சுமார் 16 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல்மாடத்தை அருங்காட்சியகமாக்க லிஃப்டும் படிக்கட்டும் தேவைப்பட்டன. உள்ளே வைத்தால் அழகையும் கெடுக்கும், கல்லையும் கெடுக்கும். 2018-இல் வெஸ்டன் கோபுரம் வெளிப்புறத்தில் எழுந்தது. 108 படிகள், ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட். அஸ்திவாரம் தோண்டியபோது பழைய எலும்புகள் வெளிப்பட்டன. வெளியே கட்டினால் தலைவலி இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேவாலயத்தைச் சுற்றியுள்ள மண்ணும் பெரும்பாலும் கல்லறை மண்தான். அப்புறம், புதுக் கட்டடம் தன் பாரத்தில் கொஞ்சம் அமரும், பழையது அமராது. இரண்டையும் இறுகப் பிணைத்தால் இணைப்பில்தான் முதலில் வெடிப்பு தெரியும்.

மூன்றாவது வழி, தரைக்கு அடியில் போவது, பாத் (Bath) நகரத்தின் பாத் அபே தேவாலயத்தில். அங்கே தரையே ஆபத்தில் இருந்தது. நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கானோரை உள்ளேயே அடக்கம் செய்ததில் மண் இறங்கி, கற்பலகைகளுக்கு அடியில் வெற்றிடம் விழுந்திருந்தது. மேலே ஜனங்கள் நடக்கிறார்கள், அடியில் பிடிமானம் இல்லை. 2018-இல் தொடங்கிய வேலையில் கல்வெட்டுப் பலகைகளைத் தூக்கி எடுத்து, தரையை உறுதிப்படுத்தி, வெப்பக் குழாய்களைப் பதித்து, பலகைகளைத் திரும்ப வைத்தார்கள். சூடு பக்கத்திலேயே கிடைத்தது. ரோமானியக் குளியலகத்தில் சுமார் 46 டிகிரியில் ஊறும் வெந்நீர், நாளுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், வடிகாலில் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வடிகாலில், ஓடும் நீரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் வெப்பப் பரிமாற்றிகளை இறக்கினார்கள்.

அருமையான வேலை. ஆனால் இதைப் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் தரையைப் பெயர்க்கக் கிளம்பக் கூடாது. பாத்தில் எப்படியும் தரையைத் தூக்கியே ஆக வேண்டியிருந்தது, அந்தச் சாக்கில் குழாயும் உள்ளே போனது. தரை நன்றாக இருக்கும் தேவாலயத்தில் வெறும் கணகணப்புக்காகக் கல்லறைகளைக் கலைப்பதை என்னால் ஏற்க முடியாது. அங்கே இருக்கைகளுக்கு அடியில் மின்சார ஹீட்டர் பொருத்தினாலே போதும்.