ஸ்க்ரம் பழக ஜிராவின் இலவசத் திட்டம் போதுமா?

வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்து ஓர் அணி செய்து முடிக்கும் முறை ஸ்க்ரம்; அந்த வேலைகளைப் பதிந்து பின்தொடர உதவும் மென்பொருள் அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா. 10 பேர் வரை அது இலவசம். 2 ஜிபி கோப்பு இடம் கிடைக்கும். பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ஸ்பிரிண்ட் (ஒரு குறுகிய வேலைச் சுற்று), ஸ்க்ரம் போர்டு (வேலைகளை நிலைவாரியாகப் பத்தி பத்தியாகக் காட்டும் பலகை), பர்ன்டவுன் (மிச்ச வேலையைக் காட்டும் கோடு), வெலாசிட்டி (ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு முடிகிறது என்ற கணக்கு) எல்லாம் அதிலேயே அடக்கம். ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பும் ஓர் அணிக்குப் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவு என்றுதான் சொல்கிறது. ஆக, ஓர் அணி பழகுவதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஜிராவை ஓட்டத் தெரிந்தால் ஸ்க்ரம் தெரிந்துவிடும் என்ற நினைப்பைத்தான் முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

2002-ல் பிழைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளாக வந்தது ஜிரா. போர்டும் ஸ்பிரிண்டும் பிறகு சேர்ந்தவை: கிரீன்ஹாப்பர் என்ற செருகுநிரலை 2009-ல் அட்லாசியன் வாங்கியது. அந்தப் பிறப்பு இன்றும் தெரிகிறது. டிக்கெட் (ஜிராவில் பதியும் ஒவ்வொரு வேலையும்) யார் பெயரில் இருக்கிறது என்பது கண்ணில் படும் இடத்தில் இருக்கும். ஸ்பிரிண்டின் இலக்கோ, நிரப்பாமலே தாண்டிப் போகக்கூடிய ஒரு பெட்டி. வழிகாட்டியில் நிலைமை தலைகீழ்: ஸ்பிரிண்ட் இலக்கு கட்டாயம், வேலையின் அளவை மதிப்பிடப் போடும் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே அதில் கிடையாது. அதனால் வழிகாட்டியை முதலில் படித்துவிடுங்கள். இலவசம், பத்துப் பதினைந்து பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

புதிய புராஜெக்ட் (இப்போது ஜிராவில் ‘ஸ்பேஸ்’ என்று பெயர்) திறக்கும்போது டீம்-மேனேஜ்டு (அணியே அமைத்துக்கொள்வது), கம்பெனி-மேனேஜ்டு (நிர்வாகி அமைப்பது) என இரண்டு வகை கேட்கும். முதலாவது ஐந்து நிமிடத்தில் தயார். ஆனாலும் பழகுவதற்கு இரண்டாவதையே பரிந்துரைப்போம்; பல அணிகள் உள்ள அலுவலகங்களில் பெரும்பாலும் அதுதான் கையில் வரும். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வகையிலும் பாயிண்ட் பதியும் புலம் வேறு வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு டிக்கெட்டுகளை நகர்த்தினால் போட்ட பாயிண்டுகள் அறிக்கையில் வராது.

ஜிராவின் பலம் அதன் அறிக்கைகள். பழகுபவர்கள் தடுக்கி விழுவதும் அங்கேதான். பர்ன்டவுன் கோடு ஸ்பிரிண்ட் முழுக்க இறங்காமல் படுத்தே கிடந்தால் அணி சோம்பேறி என்று பொருளில்லை. முதலில் போர்டின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். வலது ஓரத்தில் இருக்கும் பத்திதான் ஜிராவுக்கு ‘முடிந்தது’. ‘முடிந்தது’ பத்திக்கு வலப்பக்கம் ‘ரிலீஸ் ஆனது’ என்று இன்னொன்றை யாராவது சேர்த்திருந்தால், ரிலீஸ் ஆகும் வரை எந்த ஸ்டோரியும் (பயனருக்கு வேண்டிய ஒன்றைச் சொல்லும் டிக்கெட்) முடிந்த கணக்கில் வராது. அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள், அல்லது அந்த ஸ்டேட்டஸையும் ‘முடிந்தது’ பத்திக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

டிக்கெட் போர்டிலிருந்தே காணாமல் போவதும் ஸ்டேட்டஸ் வம்புதான். வொர்க்ஃப்ளோவில் (டிக்கெட் கடந்து போகும் நிலைகளின் வரிசை) புதிதாக ஒரு ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு அதை எந்தப் பத்தியோடும் இணைக்காவிட்டால், அதற்குள் போன டிக்கெட் கண்ணுக்குத் தெரியாது. போர்டு செட்டிங்ஸில் பத்திகள் பக்கத்தைத் திறந்தால் இணையாத ஸ்டேட்டஸ்கள் தனியாக நிற்கும். இழுத்து உரிய பத்தியில் விட்டால் சரியாகும்.

வெலாசிட்டி வரைபடத்தில் சாம்பல் கம்பம் ஒப்புக்கொண்ட அளவு, பச்சை முடித்த அளவு. ஸ்பிரிண்டைத் தொடங்கும் பொத்தானை அமுக்கிய நொடியில் இருந்த பாயிண்டுகளே சாம்பலில் பதிவாகும். ‘பாயிண்டை அப்புறம் போட்டுக்கலாம்’ என்று தொடங்கிவிட்டால் சாம்பல் குட்டையாகவும் பச்சை நெட்டையாகவும் நிற்கும், ஏதோ அணி சாதித்துவிட்டதைப் போல! பாயிண்டைச் சப்-டாஸ்க்கில் (ஸ்டோரிக்குள் பிரித்த சிறு வேலை) போடுவது இதற்கு நேர் எதிர்க் கோளாறு. சப்-டாஸ்க்கின் பாயிண்டுகளை வெலாசிட்டி கூட்டாது. ஸ்டோரியில் மட்டும் போடுங்கள். எப்படியும் மூன்று நான்கு ஸ்பிரிண்ட் முடியும் வரை இந்த வரைபடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பத்தியில் இத்தனை டிக்கெட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கலாம். சோதனைப் பத்திக்கு மூன்று என்று வைத்துப் பாருங்கள். மீறினால் பத்தி சிவக்கும், அவ்வளவுதான், ஜிரா தடுக்காது. சிவந்ததும் புது வேலையை எடுக்காமல் சோதனைக்குக் கை கொடுப்பது அணியின் பொறுப்பு.

தினசரிச் சந்திப்பில் போர்டைத் திரையில் போட்டு, ஒவ்வொருவர் படத்தையும் அமுக்கி அவரவர் டிக்கெட்டை மட்டும் காட்டுவது பரவலான பழக்கம். 15 நிமிடமும் மேலாளருக்கு ஒப்பிப்பதாகப் போய்விடும். ஆளை விட்டுவிட்டு, வலது பத்தியிலிருந்து இடது நோக்கி வாருங்கள். முடியும் தறுவாயில் இருப்பது எதனால் நிற்கிறது என்று கேளுங்கள். ‘நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன’ என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பே எடுத்துவிட்டது.

ஸ்பிரிண்டை முடிக்கும்போது மிச்ச டிக்கெட்டுகளை எங்கே அனுப்புவது என்று ஜிரா கேட்கும். அடுத்த ஸ்பிரிண்டுக்கே தள்ளினால் அவை யாரும் மறுபடி யோசிக்காமலே அங்கே உட்கார்ந்துகொள்ளும். பேக்லாக்குக்கு அனுப்பி, அது இன்னும் முக்கியம்தானா என்று புராடக்ட் ஓனரை (பேக்லாக்கில் எது முதலில் என்று தீர்மானிப்பவர்) முடிவு செய்ய விடுங்கள். ஸ்டோரி முடிந்ததாகவும் அதன் சப்-டாஸ்க் திறந்தும் இருந்தால் ஸ்பிரிண்டை மூட விடாது. எரிச்சலாக இருந்தாலும் நியாயமான தடை. ரெட்ரோவுக்கு (ஸ்பிரிண்ட் முடிவில் வேலை செய்த விதத்தை அணி அலசும் கூட்டம்) ஜிராவில் தனி இடம் இல்லை. அட்லாசியனின் ஆவண மென்பொருளான கான்ஃப்ளுவன்ஸின் டெம்ப்ளேட்டோ வெள்ளைப் பலகையோ போதும்.

இலவசத் திட்டத்தின் உண்மையான குறை அனுமதிகள். யார் எதை மாற்றலாம் என்று கட்டுப்படுத்த முடியாது. நடக்கும் ஸ்பிரிண்டில் யார் வேண்டுமானாலும் டிக்கெட்டைச் செருகலாம். 10 பேர் கணக்கில், எட்டிப் பார்க்க மட்டும் வரும் மேலாளருக்கும் ஓர் இடம் போகும். 11-வது ஆளைச் சேர்த்தால் அவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் சேர்த்துக் கட்டணம். அதனால் பழகும் அணியை எட்டு பேரோடு தொடங்குவது நல்லது. மூன்று பேருக்கும் குறைவென்றால் ஜிரா அதிகப்படி, எளிய பலகை மென்பொருளான டிரெல்லோ போதும்.